மித் கம்ர் வங்கியும் இஸ்லாமியப் பணியறமும்

இஸ்லாமியப் பணியறத்துக்கும் வங்கி ஊழியரின் நிறுவனப் பற்றுறுதிக்கும் உள்ள தொடர்பை ஆராயும் ஆய்வேடுகள் மேலாண்மைத் துறைகளில் பெருகி வருகின்றன. அவற்றுள் பல ஒரே தடத்தில் செல்கின்றன. ஒருபுறம், அப்பாஸ் அலி 1988-இல் வகுத்த 46 கூற்றுகள் கொண்ட அளவுகோல் அல்லது அதன் 17 கூற்றுச் சுருக்கம். மறுபுறம், மேயரும் ஆலனும் 1991-இல் முன்வைத்த உணர்வுசார், தொடர்ச்சிசார், கடமைசார் என்னும் மூவகைப் பற்றுறுதி. இரண்டுக்கும் இடையே ஒட்டுறவு தென்பட்டதும் ஆய்வு நிறைவுற்றதாகக் கொள்ளப்படுகிறது.

இம்முறை, பணியறத்தை ஊழியர் தம் வீட்டிலிருந்து அலுவலகத்துக்குக் கொண்டுவரும் தனிப்பண்பாகவே கருதுகிறது. வட்டியில்லா வங்கியியலின் தொடக்க வரலாறோ வேறொன்றைக் காட்டுகிறது.

மேற்கு ஜெர்மனியில் பயின்ற பொருளியலாளர் அகமது அல் நஜ்ஜார், 1963-இல் எகிப்தின் நைல் கழிமுகத்திலுள்ள மித் கம்ர் நகரில் ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். ஜெர்மானிய உள்ளூர்ச் சேமிப்பு வங்கிகளே அதற்கு முன்மாதிரி. நாசர் ஆட்சியின் சூழலில் இஸ்லாம் என்னும் அடையாளத்தை அவ்வங்கி வெளிப்படையாகச் சூட்டிக்கொள்ளவில்லை. முதலாண்டில் ஏறத்தாழ 17,500 ஆக இருந்த வைப்பாளர் எண்ணிக்கை, 1966–67-இல் இரண்டரை இலட்சத்தைக் கடந்தது.

அவ்வங்கியில் மூன்று வகைக் கணக்குகள் இருந்தன. சேமிப்புக் கணக்குக்கு வட்டி இல்லை; ஆயினும் அக்கணக்குடையோர் சிறு கடனை வட்டியின்றிப் பெறலாம். முதலீட்டுக் கணக்குக்கு இலாபத்தில் பங்கு உண்டு. மூன்றாவது, ஸகாத் சார்ந்த சமூகநல நிதி. வட்டி வாங்கும் வங்கிக்கு ஈட்டுப் பத்திரம் போதும். இலாபத்தில் பங்கேற்கும் வங்கியோ தொழிலையும் அதை நடத்துபவரையும் அறிந்தாக வேண்டும். அந்த அறிவு பேரேட்டிலிருந்து மட்டும் கிடைப்பதன்று. மக்களிடம் சென்று பழகிப் பெற வேண்டியது. ஆகவே அமானிதம் பேணுதல் அங்கே அறவுரையாக நின்றுவிடவில்லை. அன்றாட அலுவலின் இன்றியமையாத பகுதியாயிற்று.

1967-இல் அம்முயற்சி முடிவுக்கு வந்தது. கிளைகள் அரசுடைமை வங்கியின் கட்டுப்பாட்டுக்குள் சென்றன. வட்டியில்லா முறை கைவிடப்பட்டது. அவ்வட்டார மக்களின் சமயப்பற்று அவ்வாண்டில் மாறிவிடவில்லை. மாறியது வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான ஒப்பந்தம்; அதனோடு, ஊழியர் ஆற்ற வேண்டிய பணியின் இயல்பும் மாறியது. 1971-இல் நிறுவப்பட்ட நாசர் சமூக வங்கி வட்டியில்லா முறைக்கு மீண்டும் இடமளித்தது; எனினும் அது அரசின் நிறுவனம்.

இன்றைய இஸ்லாமிய வங்கிகள் பலவற்றில் இலாபநட்டப் பங்கீட்டைவிட, பொருளை வாங்கிக் கூடுதல் விலைக்குத் தவணையில் விற்கும் முராபஹா முறையே மேலோங்கியுள்ளது. அம்முறையில் கடன் அலுவலரின் நாள், வழக்கமான வங்கி அலுவலரின் நாளிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது? தாம் நம்பும் அறத்துக்கும் தம் கையால் செய்யும் வேலைக்கும் இடைவெளி கண்ட ஊழியர், வினாநிரலில் அறத்துக்கு உயர்ந்த மதிப்பெண்ணும் நிறுவனத்துக்குத் தாழ்ந்த மதிப்பெண்ணும் இடக்கூடும். அதைப் பணியறத்தின் தோல்வி என்று எழுதுவது பிழையாகும். அவ்வூழியரின் அறம் விழிப்புடன் இருப்பதற்கே அது சான்றாகலாம்.

ஆகவே இத்தலைப்பில் களமிறங்கும் ஆய்வு மாணவர்கள், அளவுகோலோடு மேலும் இரண்டு வினாக்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்: இவ்வூழியர் எவ்வகை ஒப்பந்தங்களைக் கையாள்கிறார்? வாடிக்கையாளரின் தொழிலை அறிய அவருக்கு நேரமும் அதிகாரமும் தரப்பட்டுள்ளனவா? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னரே ஒட்டுறவுக் கெழுவுக்குப் பொருள் கூற இயலும்.