மலைநீரின் வரலாறு

ஏரிநீரின் தன்மையை அறிய விரும்புவோர் முதலில் மலையை நோக்குதல் வேண்டும். சிவனொளிபாத மலைத்தொடரிற் பெய்யும் மழை ஒருபுறம் சீதாவக்கை ஆறாகித் தெரணியகலை வழியே இறங்குகின்றது. மறுபுறம் மஸ்கெலியா ஓயாவாகி மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தை அடைகின்றது. ஓயாத மழையும் எளிதிற் கரையாத தொன்மையான பாறைகளும் இந்நீரை உப்புக் குறைந்த மென்னீராக்கின. வரண்ட வலயக் குளங்களிலோ வெயில் நீரைக் குடிக்க, உப்புச் செறிகின்றது.

மழையும் பாறையும் மனிதனுக்கு அடங்குவன அல்ல. காடு அவனுக்கு அடங்கியது. மழையின் வேகத்தைத் தணித்து மண்ணைப் பிடித்து நின்ற அக்காட்டை, 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் துரைமாருக்கு விற்க வழிவகுத்தது. வெட்டவெளியான சரிவுகளிற் கோப்பி நட்டுப் பராமரித்தவர்கள் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்தது. பின்னர் தேயிலையும் றப்பரும் மலையை மூடின. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாதென்று, கியூ தாவரத் தோட்டத்தின் அதிபர் ஜோசப் ஹூக்கர் 1873இல் எச்சரித்தார். அதற்குத் தாழ்ந்த தெரணியகலைச் சரிவுகளுக்கு அந்த எச்சரிக்கையின் காவலும் இல்லை.

காடிழந்த மலையில் மழை மண்ணை அரிக்கின்றது. அம்மண் ஆற்றைக் கலக்கி, நீர்த்தேக்கத்தின் அடியிற் சேறாகப் படிகின்றது. இதே கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் 2016 மே 17ஆம் நாள் மலையே சரிந்து வீடுகளை மூடியது. தோட்ட இலாபக் கணக்கில் இச்செலவுகளை எவரும் எழுதியதில்லை. ஆபத்தான சரிவுகளில் லயன்களிலே வாழும் தொழிலாளர்தாம் அவற்றைச் சுமக்கின்றனர். ஆகவே, மலைக்குக் காடு வேண்டும் என்று கேட்கும் நாம், அவர்களுக்குப் பாதுகாப்பான நிலமும் சொந்த வீடும் வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்போம்.