ஓரியின் கொடையும் பாணர் மறந்த பாடலும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைச் சங்க காலத்தில் ஆண்டவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவனைப் பற்றிய புறநானூற்றின் 152, 153, 204ஆம் பாடல்கள், செல்வத்திற்கும் கலைக்கும் அறத்திற்கும் இடையேயுள்ள உறவை ஆராய்வதற்குத் துணைபுரிவன.

முதலிரண்டையும் பாடியவர் வன்பரணர். காட்டிடையே வேட்டுவன் ஒருவனைக் கண்ட பாணர் கூட்டம் யாழும் முழவும் இசைத்துப் பாடுகிறது. பாட்டில் தன்னைக் குறிக்கும் சொல் வந்தவுடன் அவன் நாணுகிறான். விருந்தளித்துத் தன் மலையில் விளைந்த பொன்னையும் மணிகளையும் வழங்குகிறான். அவனே ஓரி. அவனது வேட்டையும், ஊனும் கள்ளும் கொண்ட விருந்தும் கொல்லாமை நெறி நிற்போர்க்கு ஏற்புடையன அல்ல. எனினும், புகழ்ச்சிக்கு நாணிய அவன் பண்பு எந்நெறியினரும் போற்றத்தக்கது.

அடுத்த பாடல் வியப்பிற்குரியது. ஓரியிடம் சென்ற கூத்தர் சுற்றம் யானைகளையும், வெள்ளி நாரில் தொடுத்த மணிக்குவளை மாலையையும், அணிகலன்களையும் பெற்றது. பசி நீங்கியதனாலோ என்னவோ, இசைக்கருவிகள் ஒலிக்க ஆடுவதையும் பாடுவதையும் அவர்கள் மறந்தனர் என்கிறார் புலவர். வெளிப்படையில் இது கொடையின் பெருமை. ஆயினும், பசி தீர்ந்தவுடன் கலை ஓயுமாயின், பொருள் வழங்குவது மட்டும் கலையைக் காக்குமா என்னும் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது.

கழைதின் யானையார் பாடிய 204ஆம் பாடல் பெறுவோர் பக்கம் நின்று பேசுகிறது. இரத்தல் இழிவு, இல்லையென மறுத்தல் அதனினும் இழிவு. வலிய வந்து கொடுத்தல் உயர்வு. அதனை ஏலாதிருத்தல் அதனினும் உயர்வு. வள்ளலின் முன்னிலையிலும் புலவர் தம் மானத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

வன்பரணர் பாடலில் எழும் வினாவிற்குச் சமணர் வகுத்த நால்வகைத் தானத்தில் விடை காணலாம். உணவு, மருந்து, அடைக்கலம் என்பவற்றோடு சாத்திர தானமும் அவற்றுள் ஒன்று. பசி தீர்ப்பதும் நூலைக் காப்பதும் தனித்தனிக் கடமைகளாயின. ஏடெழுதி வழங்குதல் அறமாகக் கருதப்பட்டது. இல்லங்களில் நூல்கள் ஓதப்பட்டு, பொருள் விளக்கப்பட்டு வந்தன. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அதன் சமயக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டறிந்தார். திருத்தக்கதேவரின் காப்பியம் அதுவரை உயிருடன் இருந்தது, அதனை விடாது பயின்றோரால் ஆகும்.

ஓரி, மலையமான் திருமுடிக்காரியால் கொல்லப்பட்டான்; கொல்லி சேரனுக்கு உரியதாயிற்று. பொன்னும் யானைகளும் அழிந்தன; ஓலையில் எழுதிக் காக்கப்பட்ட பாடல்களால் ஓரியின் பெயர் நிலைபெற்றது. மிகுபொருள் விரும்பாமையை நோன்பாகக் கொண்ட இல்லறத்தார், கலைஞருக்குப் பொருள் வழங்குவதோடு அமையாது, அக்கலையைத் தம் மக்களுக்குக் கற்பிக்கவும் முற்படுதல் வேண்டும். அப்போதே கொடை முழுமை பெறும்.