பெருங்குடி: குப்பைக்கு அடியில் இருக்கும் நிலம்

சென்னை தன் நிலத்தில் கணிசமான பங்கை நீர்நிலைகளிடமிருந்து எடுத்துக்கொண்ட ஊர். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1920களில் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. தெற்கே பள்ளிக்கரணைக் கழுவெளிக்கு வாய்த்த கதி வேறு. ஒரு காலத்தில் ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த அந்தச் சதுப்பு, நெல்லும் வரியும் தராததால் அரசுக் கணக்கில் வெற்றிடமாகவே தெரிந்தது. 1980களிலிருந்து அதன் பெருங்குடி ஓரத்தில் குப்பை கொட்டப்பட்டு, கிடங்கு 200 ஏக்கருக்கு மேல் பரவியது. வடக்கே கொடுங்கையூரிலும் அப்படியே. பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. நிறுவனங்கள் பெருகி, சுற்றுவட்டாரத்தில் மனை விலை ஏறிய பிறகு, 2020களில் பெருங்குடிக் குப்பையை பயோமைனிங் முறையில் தோண்டிப் பிரிக்கும் வேலை தொடங்கியது. இப்படி மீளும் நிலத்தை வெற்று மனையாகக் கருதுவது பழைய தவற்றின் தொடர்ச்சிதான். குப்பையை எடுத்தால் இடம் துப்புரவாகும். கட்டடம் தாங்கும் தரை கிடைத்துவிடாது.

காரணம் மண்ணிலேயே இருக்கிறது. சதுப்பின் அடியில் இருப்பது நீர் நிறைந்த மென்களிமண். அதன்மேல் சுமை ஏறினால் நீர் மெல்லப் பிதுங்கி வெளியேறும். களிமண் ஆண்டுக்கணக்கில் இறுகித் தாழும். குப்பைமேடு எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் இருந்ததில்லை. உயரமாகக் குவிந்த இடத்தில் களிமண் அதிகம் இறுகியிருக்கும், ஓரங்களில் குறைவாக. சுமையை எடுத்ததும் களிமண் ஓரளவு மேலெழும். ஆனால் பழைய நிலைக்குத் திரும்பாது. வெளிப்பார்வைக்குச் சமதளமாக இருக்கும் அந்த இடத்தில் ஒரு கட்டடத்தின் ஒரு மூலை இறுகிய மண்ணிலும் மறுமூலை இளகிய மண்ணிலும் நிற்கக்கூடும். கட்டடம் முழுதும் ஒருசீராகத் தாழ்ந்தால் சமாளிக்கலாம். ஏறுமாறாகத் தாழ்ந்தால்தான் சுவர் பிளக்கும், சாக்கடைக் குழாயின் வாட்டம் மாறும். குப்பையிலிருந்து பல ஆண்டுகள் ஊறிய கசிவுநீரின் உப்புகளோ கான்கிரீட்டையும் உள்ளிருக்கும் கம்பியையும் அரிக்கும்.

ஏரியில் எழுந்த தியாகராய நகர் நன்றாகத்தானே நிற்கிறது என்று கேட்கலாம். ஏரியை நிரப்பிய மண் ஒருமுறை அமுங்கி அடங்கும். மட்கும் குப்பை, தோண்டியபின் அடியில் மிஞ்சியதானாலும், அப்படியல்ல. பல பத்தாண்டுகள் சுருங்கிக்கொண்டும் வாயுவை வெளியிட்டுக்கொண்டும் இருக்கும். காற்றில் 5 முதல் 15 விழுக்காடு மீத்தேன் கலந்தாலே ஒரு பொறி போதும். இங்கிலாந்தின் லாஸ்கோ கிராமத்தில், குப்பையால் நிரப்பிய பழைய களிமண் குழியிலிருந்து நிலத்தடி வழியாகப் பரவிய மீத்தேன், 1986 மார்ச்சில் காற்றழுத்தம் சட்டென்று குறைந்த ஒரு நாளில் வீடொன்றைத் தகர்த்தது. மும்பை மலாடில் பழைய குப்பைமேட்டின் மேல் எழுந்த அலுவலக வளாகத்தில், கணினிகளின் உலோக இணைப்புகளை நிலத்தடி வாயுக்கள் அரித்ததாக 2000களில் புகார் எழுந்தது.

பொறியியலால் ஆகாதது உண்டா என்பது அடுத்த கேள்வி. ஆழக் கடைக்கால் தூண்களை இறக்கிக் கெட்டி மண்ணில் நிறுத்தலாம். வாயுத் தடுப்பு விரிப்பும் வெளியேற்றுக் குழாயும் போடலாம். உண்மைதான். ஆனால், தாழும் மண் தூணைத் தன்னோடு கீழே இழுக்கும் என்பதால் அந்தச் சுமையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தூண் கட்டடத்தைத்தான் தாங்கும். சாலை, சாக்கடை, குடிநீர்க் குழாய் எல்லாம் தாழும் மண்ணிலேயே கிடக்கும். மூடிய குப்பைக் கிடங்கை 15 ஆண்டுக் கண்காணிப்புக்குப் பிறகே, அதுவும் வாயுவும் கசிவுநீரும் வரம்புக்குள் வந்து மண்ணின் உறுதி நிலைநாட்டப்பட்டால் மட்டுமே குடியிருப்புக்குப் பரிசீலிக்கலாம் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் சொன்னதற்கும் இதுவே காரணம். குப்பையைத் தோண்டி எடுத்துவிட்டோம், இனி அந்த விதி எதற்கு என்போர் அடியிலுள்ள களிமண்ணை மறந்துவிடுகிறார்கள்.

இது பெருங்குடியோடு முடிகிற சங்கதியும் அல்ல. பயோமைனிங்கில் சலித்தெடுத்த மண் தாழ்வான இடங்களை நிரப்பப் பயன்படுகிறது. சோதிக்காமல் கொட்டினால் கன உலோகங்களும் நுண்ணிய பிளாஸ்டிக்கும் அதோடு போகும். வயலும் ஏரிக்கரையும் மனைகளாகிவரும் வேப்பம்பட்டு, திருநின்றவூர் போன்ற புறநகர் ஊர்களில் மனை வாங்குபவர் வில்லங்கச் சான்று பார்க்கிறார். அதில் அடமானம் தெரியும், பழைய விற்பனை தெரியும். எந்த மண்ணால் எவ்வளவு ஆழம் நிரப்பினார்கள் என்பது தெரியாது. அதையும் பதிந்தால் சிறு மனைக்காரர்களின் சொத்து மதிப்பு விழும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால், மறைத்த செலவு இல்லாமல் போவதில்லை. விரிசலைப் பூசுகிறவரின் தலையில் விழுகிறது. ஆகவே மண் சோதனையை மனை பிரிப்பதற்கு முன்பே, நிலத்தைப் பிரித்து விற்பவரின் செலவில் செய்து, முடிவை நில ஆவணத்தோடு இணைக்க வேண்டும். மாநகராட்சி மீட்ட நிலத்தில் அந்தப் பொறுப்பு மாநகராட்சியுடையது.