ஆர்க்டிக் தேசிய வனவிலங்குப் புகலிடம்

ஆர்க்டிக் தேசிய வனவிலங்குப் புகலிடம் ஐக்கிய அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் அமைந்துள்ள காப்பகமாகும். இதன் பரப்பளவு ஏறத்தாழ 78,000 சதுர கிலோமீட்டர். வடக்கே போபோர்ட் கடலும் கிழக்கே கனடாவின் யூக்கானும் எல்லைகளாக உள்ளன. உள்ளே சாலைகள் இல்லை. செல்வோர் பெரும்பாலும் சிறு வானூர்திகளையே நம்பியுள்ளனர். பனிக்கரடி, கத்தூரி எருது, ஓநாய் ஆகியவற்றுடன் ஏறத்தாழ 200 பறவையினங்கள் இங்கு பதிவாகியுள்ளன.

கரிபூ மான்கள்

இப்புகலிடத்தின் பெயர் உலகெங்கும் அறியப்படுவதற்குப் போர்க்குப்பைன் கரிபூ மந்தையே முதன்மைக் காரணம். போர்க்குப்பைன் ஆற்றின் பெயரால் அழைக்கப்படும் இம்மந்தையில் 2017 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 2,18,000 மான்கள் இருந்தன. தெற்கே குளிர்காலத்தைக் கழிக்கும் இவை இளவேனிலில் பல நூறு கிலோமீட்டர் நடந்து கடற்கரைச் சமவெளியை அடைந்து, சூன் தொடக்கத்தில் கன்று ஈனுகின்றன. அப்போது அங்கே சத்து மிகுந்த இளந்தளிர்கள் கிடைக்கின்றன. மலையடிவாரத்தைவிட ஓநாய்களும் கரடிகளும் குறைவு; கடற்காற்று கொசுக்களை விரட்டுகிறது. ஆகவே சமவெளி பரப்பில் சிறியதாயினும் மந்தைக்கு இன்றியமையாதது.

இம்மான்களை உண்டு வாழும் குவிச்சின் மக்கள் இச்சமவெளியை உயிர் தொடங்கும் புனித இடம் எனக் கருதுகின்றனர். 1988 முதல் அமைப்பாகத் திரண்டு எண்ணெய்த் துரப்பணத்தை எதிர்த்து வருகின்றனர். ஆயினும் பழங்குடியினர் அனைவரும் ஒரே கருத்துடையவர் அல்லர். கடற்கரையில் உள்ள கக்டோவிக் ஊரின் இனுப்பியாட் மக்களில் பலர், வருவாய் கருதித் துரப்பணத்தை ஆதரிக்கின்றனர்.

வரலாறு

1956இல் ஓலஸ் மியூரி, மார்கரெட் மியூரி இணையர் சீன்ஜெக் ஆற்றுப்பகுதியில் ஆய்வுப் பயணம் மேற்கொண்டு, பாதுகாப்புக்காகப் பரப்புரை செய்தனர். 1960 திசம்பர் 6 அன்று ஐசனாவர் அரசு இதனைக் காப்பகமாக அறிவித்தது. 1980இல் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் இதனை விரிவாக்கி இன்றைய பெயரை அளித்தது.

புகலிடம் என்ற சொல் முழுமையான பாதுகாப்பைக் குறிப்பதாகத் தோன்றலாம். உண்மையில் அதே சட்டம், 15 லட்சம் ஏக்கர் கடற்கரைச் சமவெளியின் முடிவைக் காங்கிரசின் கையில் விட்டுவிட்டது. சட்டப்பிரிவு எண்ணால் இது '1002 பகுதி' எனப்படுகிறது. பிற்காலச் சிக்கல்கள் அனைத்திற்கும் வேர் இதுவே. எல்லைக்கு அப்பால் கனடாவோ, கன்று ஈனும் நிலத்தின் ஒரு பகுதியை 1984இலேயே தேசியப் பூங்காவாக்கியது.

துரப்பணத்திற்கு வழிவிட்ட வரவு செலவுச் சட்டமுன்வரைவை 1995இல் பில் கிளின்டன் தடுப்பதிகாரத்தால் நிறுத்தினார். 2003இல் செனட் விவாதத்தின்போது, இந்தியாவில் பிறந்த ஒளிப்படக் கலைஞர் சுபங்கர் பானர்ஜியின் படங்களை பார்பரா பாக்சர் சபையில் காட்டினார். எதுவுமற்ற வெண்ணிற வெளி என்ற ஆதரவாளர்களின் வாதத்திற்கு அவை நேரடி மறுப்பாக அமைந்தன.

2017ஆம் ஆண்டு வரிச்சட்டம் சமவெளியைத் திறந்துவிட்டது. எனினும் 2021 சனவரியில் நடந்த முதல் ஏலத்தில் பெரிய எண்ணெய் நிறுவனம் எதுவும் பங்கேற்கவில்லை; பெரும்பாலான குத்தகைகளை அலாஸ்கா அரசு நிறுவனமே எடுத்தது. 2023இல் பைடன் அரசு அவற்றை நீக்கியது. 2025 மார்ச்சில் அந்நீக்கம் செல்லாது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன், 2025 சனவரியில் இரண்டாம் ஏலத்திற்கு ஒருவர்கூட விலை கேட்கவில்லை. 2025 சூலையில் இயற்றப்பட்ட சட்டம் மேலும் நான்கு ஏலங்களைக் கட்டாயமாக்கியது. அக்டோபரில் உள்துறை, சமவெளி முழுவதையும் குத்தகைக்குத் திறப்பதாக அறிவித்தது.