புகலிடம் தேடி வந்தோரும் கட்சிகளின் நிலைப்பாடும்: ஆரணித் தொகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. களம்

ஆரணியே வந்தேறிகளின் ஊர்தான். இங்கு ஜாகீர் ஆண்டவர்கள் மராட்டியர்கள். பட்டுத்தறி ஓட்டுவோரில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பங்களும் உண்டு. எனவே 'வெளியார்' என்ற சொல்லை இவ்வூரில் நின்று சோதிப்பது பொருத்தம். கடல் கடந்து வந்த ஈழத்தமிழர் குறித்துக் கழகங்களின் பேச்சு எப்போது, எதனால் மாறியது என்பதே கேள்வி. கொள்கையைவிடக் கூட்டணியே அதைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. 1983 முதல் 1991 வரை

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகுகள் வந்தபோது, எம்.ஜி.ஆரும் கருணாநிதியும் ஒருவரையொருவர் மிஞ்சவே முயன்றனர். கருணாநிதியும் அன்பழகனும் சட்டமன்றப் பதவியையே துறந்தார்கள். 1991 மே 21இல் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் காற்று திசை மாறியது. அனுதாபத்தின் இடத்தில் சந்தேகம் வந்தது. 1992இல் அகதிகளைத் திருப்பி அனுப்புவது தொடங்கியது.

3. 2009: ஆரணி அளித்த தீர்ப்பு

தொகுதி மறுவரையறைக்குப் பின் ஆரணி சந்தித்த முதல் மக்களவைத் தேர்தல் இது. புலிகளைக் கடுமையாக எதிர்த்துவந்த ஜெயலலிதா, ஏப்ரலில் தனி ஈழமே தீர்வு என்று மேடையேறினார். காங்கிரஸ் தலைமையிலான மத்திய அரசில் அங்கம் வகித்த திமுகவோ, அண்ணா நினைவிடத்தில் சில மணிநேர உண்ணாவிரதத்தோடு நிறுத்திக்கொண்டது. வாக்குப்பதிவு மே 13. இலங்கையில் போர் முடிந்தது மே 18. அதிமுகவைத் தோற்கடித்து ஆரணி தேர்ந்தெடுத்தது காங்கிரஸ் வேட்பாளரை! ஈழம் இங்கே வாக்காக மாறவில்லை என்றே இதைப் படிக்கிறேன். அதே திமுக, இலங்கைப் பிரச்சினையையே காரணம் காட்டி 2013 மார்ச்சில் மத்திய கூட்டணியை விட்டு வெளியேறியது. இடையில் மாறியது எது? போரில் இறந்தவர்கள் 2009லேயே இறந்திருந்தார்கள்.

4. குடியுரிமைச் சட்டம்

2019 டிசம்பரில் வந்த திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதாருக்கு வழி திறந்தது. இலங்கை அதில் இல்லை. பாஜகவின் கூட்டாளியான அதிமுக மாநிலங்களவையில் ஆதரித்து வாக்களித்தது. மசோதா 125க்கு 105 என நிறைவேறியது. 2021 தேர்தல் அறிக்கையில் அதே கட்சி, அச்சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றது.

ஆட்சிக்கு வந்த திமுக அரசு 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்க்கு நலத்திட்டங்களை அறிவித்து, 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அப்போது 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தனர். வீடும் உதவித்தொகையும் மெய்யான நன்மைகள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் தறியில் தாரை மாற்றினால் சேலையின் சாயல் மாறும், பாவு அப்படியே இருக்கும். இங்கே பாவு என்பது 2003 டிசம்பரில் வாஜ்பாய் அரசு நிறைவேற்றிய திருத்தம். பெற்றோரில் ஒருவர் 'சட்டவிரோதக் குடியேறி'யானாலும், 2004 டிசம்பர் 3 முதல் இந்தியாவில் பிறக்கும் பிள்ளை பிறப்பால் குடிமகனாகாது. வாஜ்பாய் அரசில் பங்கேற்றிருந்த திமுக அந்தக் கூட்டணியிலிருந்து விலகியதும் அதே 2003 டிசம்பரில்தான். விலகலுக்குக் காரணம் இத்திருத்தம் அல்ல.

5. வாக்கில்லாதோர்

ஆரணி 2014இல் அதிமுகவையும், 2019இல் காங்கிரஸையும், 2024இல் திமுகவையும் தேர்ந்தெடுத்தது. உரிய ஆவணமின்றிப் படகேறி வந்த தாய்க்கும் தகப்பனுக்கும் 2005இல் தமிழக முகாம் ஒன்றில் பிறந்த பிள்ளைக்கு, அந்த 2024 தேர்தலின்போது வயது பத்தொன்பதை நெருங்கியிருக்கும். வாக்காளர் பட்டியலில் அந்தப் பிள்ளைக்கு இடமில்லை.