ஏரியை மூடுறது எந்தத் தாமரை? பிடுங்கும் முன்னாடி இதைப் பாருங்க!

அரூர் பக்கம் ஏதோ ஒரு ஏரிக்கரையில் பைக்கை நிறுத்தி, ஊதாப் பூவோடு செல்ஃபி எடுத்திருப்பீங்க. அந்த அழகு நம்ம ஊரே இல்லை பாஸ். தென் அமெரிக்காவிலிருந்து அலங்காரச் செடியா வந்தது. வங்காளத்தில் இதை ஒழிக்க 1936-ல் தனிச் சட்டமே போட்டாங்க!

குழப்பம் பேர்லயே ஆரம்பிக்குது. 'ஆகாயத்தாமரை'ன்னு நாம ரெண்டு செடியைச் சொல்றோம். இலைக்காம்பு சின்ன வெங்காயம் மாதிரி உப்பி, ஊதாப் பூ பூத்தா அது வெங்காயத்தாமரை. காம்பே இல்லாம, வெளிர்பச்சையில் குட்டி முட்டைக்கோஸ் மாதிரி மிதந்தா அது இன்னொன்று. மடிந்த சின்ன இலைகள், மேலே முடி, தண்ணி ஊத்தினா முத்து முத்தா உருளுதா? அது சால்வீனியா. கேரளாவில் 'ஆப்பிரிக்கன் பாயல்'னு சொல்வாங்க. மாட்டுக்குப் போடுற அசோலாவும் மிதக்கும், ஆனா இலை ரொம்பப் பொடிசு. அதைப் பார்த்துப் பதறாதீங்க.

எதுன்னு தெரிஞ்சுக்கிறது ஏன் முக்கியம்? சால்வீனியாவுக்கு விதையே கிடையாது. உடைந்த துண்டுகள்தான் பரவும். வாரும்போது துண்டு சிதறாம பார்த்துக்கணும். வெங்காயத்தாமரை விதையோ சேற்றுக்குள் 15, 20 வருஷம்கூட உயிரோட கிடக்கும். அதனால பூக்கிறதுக்கு முன்னாடியே வாரணும். ஒரே ஒரு தடவை ஜே.சி.பி விட்டு வாரிட்டு, போட்டோ எடுத்துட்டுப் போனா அடுத்த மழைக்கு மறுபடி முளைச்சிடும். வாரினதைக் கரையிலேயே குவிக்கிறதும் வேஸ்ட். மழை திரும்ப உள்ளே தள்ளிடும். தள்ளிக் கொண்டுபோய்க் காயவைங்க. செடியில் 90 சதவிகிதத்துக்கு மேல தண்ணிதான், எடை சட்டுனு குறையும். பிறகு சாணத்தோடு சேர்த்து மக்கவைத்தா உரம்.

மருந்து அடிக்கலாமேன்னு தோணும். மொத்தச் செடியும் ஒரேயடியா அழுகினா தண்ணியில் ஆக்சிஜன் குறைஞ்சு மீன் செத்துப்போகும்.

பூச்சி வழியும் இருக்கு. 1980-களில் வெளிநாட்டிலிருந்து தனித்தனிக் கூன்வண்டுகளைக் கொண்டுவந்து சோதித்து விட்டாங்க. சால்வீனியா வண்டு கேரள நீர்நிலைகளில் பெரிய வெற்றி. குட்டநாட்டு விவசாயிகளுக்கு நிம்மதி. வெங்காயத்தாமரை வண்டும் பெங்களூரு ஏரிகளில் வேலை செஞ்சது, ஆனா அதுக்குச் சில வருஷம் பொறுமை வேணும். ஒண்ணு சாப்பிடுறதை இன்னொண்ணு தொடாது. நாமளா பிடிச்சு விடுற வேலையும் இல்லை, வேளாண் துறையைக் கேட்டுத்தான் செய்யணும்.

இதெல்லாம் செஞ்சும் ஏரி மூடுதுன்னா, எந்தச் சாக்கடை உள்ளே வருதுன்னு பாருங்க. கழிவுநீரில் இருக்கிற நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் அதுக்குச் சோறு. சோறு போட்டுக்கிட்டே இருந்தா, ரெண்டு வாரத்தில் அது ரெட்டிப்பாகும்.