வேவுகாரனின் முகம்: பேட்மேனும் பர்மா ராணியும்

1943 ஜூலையில் கொலம்பியா நிறுவனம் பேட்மேனை முதன்முறையாகத் திரைக்குக் கொண்டுவந்தது. வாரம் ஒன்றாகப் பதினைந்து பகுதிகள். சித்திரக்கதையில் தன்னிச்சையாகக் குற்றவாளிகளை வேட்டையாடத் தொடங்கியவன், திரையில் அமெரிக்க அரசின் இரகசிய ஊழியனாக்கப்பட்டான். அவனுடைய எதிரி டாக்டர் டாக்கா என்னும் ஜப்பானிய வேவுத்தலைவன். அவ்வேடத்தில் ஒப்பனையோடு நடித்தவர் ஜே. கேரல் நாயிஷ் என்னும் வெள்ளை அமெரிக்கர். வெறிச்சோடிய ஜப்பானியர் தெருவைக் காட்டுகையில், அங்கு வாழ்ந்தோரை அப்புறப்படுத்திய அரசின் மதிநுட்பத்தைப் பின்னணிக் குரல் மெச்சுகிறது. அவ்வாறு முகாம்களில் அடைக்கப்பட்ட ஏறத்தாழ 1,20,000 பேரில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்களே.

எல்லாத் தொடர்களும் இவ்வளவு வெளிப்படையானவை அல்ல. 1941-இல் முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரை அறைந்த கேப்டன் அமெரிக்கா, 1944-இன் ரிபப்ளிக் தொடரில் கேடயமும் இல்லாத, நாஜிகளையும் சந்திக்காத ஓர் அரசு வழக்கறிஞர். வேடிக்கையான இழப்புதான்.

தமிழில் இத்தகைய முகமூடி நாயகன் போர்க்காலத்தில் தோன்றவில்லை. கச்சாப் படச்சுருள் பற்றாக்குறையால் ஒரு படத்தின் நீளம் 11,000 அடிக்குள் கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் பதினைந்து பகுதித் தொடருக்கு வழியேது? எனினும் இது பாதிக் காரணமே. மாடர்ன் தியேட்டர்ஸின் 'பர்மா ராணி' (1945) டாக்காவின் கதைக்கு மிக நெருங்கிய தமிழ்ப்படம்: ஜப்பானியர் வசமிருந்த பர்மாவில் சிக்கிக்கொண்ட இந்திய விமானப்படையினர், அவர்களுக்குத் துணைநிற்கும் ராணி. ஜப்பானியத் தளபதியாக நடித்தவர் இயக்குநர் டி.ஆர். சுந்தரமே. எதிரியின் முகத்தை இங்கும் ஒப்பனையே தந்தது. ஆனால் அந்த முகத்தை வெறுப்பதில் பார்வையாளர் அனைவரும் ஒருமனப்பட்டிருந்தனர் என்று கொள்வதற்கில்லை.

திருவனந்தபுரம் சாலைக் கடைவீதிக்கு வடக்கே, இன்றைய அதே மாவட்டத்தில் உள்ளது வக்கம். அவ்வூரைச் சேர்ந்த அப்துல் காதர் மலேயாவுக்குப் பிழைக்கச் சென்றவர். பினாங்கில் பயிற்சி பெற்று, 1942-இல் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் மலபார்க் கரைக்கு வந்து சேர்ந்தார். சட்டத்தின் பார்வையில் அவர் எதிரியின் கையாள். பேட்மேன் தொடர் அமெரிக்கத் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். டாக்காவின் ஆட்களுக்குரிய வேலையைச் செய்தவர் இங்கே தியாகி.

பர்மாவிலிருந்து 1942-இல் நடந்தே ஊர் திரும்பிய தமிழர் ஜப்பானியக் குண்டுகளை அறிவர். மலேயாத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்களோ கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படைப்பிரிவில் சேர்ந்து அதே பர்மாவுக்குச் சென்றனர். இரு தரப்பாருக்கும் உறவினர் தமிழ்நாட்டிலும் திருவிதாங்கூரிலும் இருந்தனர். 'பர்மா ராணி' வெளியான 1945-இன் நவம்பரில் செங்கோட்டையில் இந்திய தேசிய இராணுவ விசாரணை தொடங்கியது. நாடெங்கும் மக்கள் குற்றம் சாட்டப்பட்டவர்களின் பக்கமே நின்றனர்.